சாருலயா நைட்டி திரும்பி வந்த தீபாவளி

போன மார்ச் மாதம், நான் வேலை பார்த்த நைட்டி கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது முதலாளியின் மருமகள். இப்போது நிர்வாகம் அவர் கையில். மகளிர் தினத்துக்குக் கம்பெனிப் பெண்களிடம் சாதனைப் பெண்களைப் பற்றி நான் செத்த நேரம் பேச வேண்டுமாம். "வரலாறு, கலை, அரசியல், சினிமா, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு பேரைச் சொன்னாப் போதும் ஆன்ட்டி. பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம் வேணும்ல?" என்றார். வேலையில் இருந்தவரை என்னை சூப்பர்வைசர் என்று கூப்பிட்டவர், ஓய்வு பெற்றதும் ஆன்ட்டி ஆக்கிவிட்டார். பதவி உயர்வு என்று வைத்துக்கொண்டேன்.

சாதனைப் பெண்களோடு என் அளவுக்கு நெருங்கிப் பழகியவர் ராஜபாளையம் வட்டாரத்திலேயே கிடையாது. யாருக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம், யாருக்குக் கை எவ்வளவு நீளம், யார் முதல் துவைப்பிலேயே சாயம் போவார், யார் இடுப்பில் பிடிப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஏனென்றால் எனக்குத் தெரிந்த சாதனைப் பெண்கள் அத்தனை பேரும் நைட்டிகள்.

மேடையில் ஏறி, உழைத்தால் உயரலாம் என்ற வழக்கமான பேச்சைப் பேசினேன். பெண்களும் வழக்கம்போல வடை எப்போது வரும் என்று பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். நடிகைகள், தலைவிகள் பெயரையெல்லாம் எழுத மாட்டேன். அவர்களும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுடைய வக்கீல்களும் உயிரோடு இருக்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நைட்டி பெரிய தொழில். தளவாய்புரத்திலும் செட்டியார்பட்டியிலும் வீட்டுக்கு வீடு மிஷின் ஓடும். எங்கள் கம்பெனியில் கட்டிங் ராஜபாளையத்தில், தையல் அந்த ஊர்களில், பேக்கிங் மறுபடி ராஜபாளையத்தில். புது டிசைன் ஒன்று வந்தால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். கடைக்காரர் போனில், நீலத்தில் மயில் போட்டு, கழுத்தைச் சுற்றி ஃபிரில் வைத்து என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இந்த நடிகையில் ஒரு பெட்டி, அந்த மந்திரியில் ரெண்டு பெட்டி என்று சொன்னால் பேச்சு முடிந்தது.

நான் பத்தாவது முடித்த கையோடு பிசிறு நூல் வெட்டப் போனேன். பிறகு பட்டன், பிறகு ஓரம் அடிக்கிற ஓவர்லாக், பிறகு பேக்கிங். என் இளமை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது, அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டு, கம்பெனி வேனில் தினமும் ராஜபாளையம் வந்து போனேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் என் உடம்பு சரியாக எக்ஸ்எல் அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. கடவுள் சிலருக்குக் குரலைக் கொடுக்கிறார், சிலருக்கு முகத்தைக் கொடுக்கிறார். எனக்கு எக்ஸ்எல் கொடுத்தார். சாம்பிள் போட்டுக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் பெயர் வைக்கிற கூட்டத்தில் உட்காரும் பாக்கியமும் கிடைத்தது.

கூட்டம் மாடியறையில் நடக்கும். முதலாளி, கட்டிங் மாஸ்டர், ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கிற சேல்ஸ்மேன், நான். உலகத்துப் பெண்களில் யார் பெரியவர் என்று தீர்மானிக்க இந்த நாலு பேர் போதும் என்று முதலாளி நினைத்தார்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு துண்டுத் துணி. பேசப் பேச அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். சத்தம் போட மாட்டார். முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "பாப்பம்மா" என்பார். கழிப்பறைக்குக் கதவு கேட்டபோதும் பாப்பம்மா, மாடிப்படிக்கு லைட் கேட்டபோதும் பாப்பம்மா. கோபம் வந்தால் மட்டும் கட்டிங் மாஸ்டரிடம் தெலுங்குக்கு மாறிவிடுவார், எங்களுக்குப் புரியக்கூடாது என்று. ராஜபாளையத்தில் இருந்துகொண்டு தெலுங்கு புரியாத காது எங்கே இருக்கிறது? அவர் திட்டுவது எங்களுக்கு இரண்டு மொழியிலும் நன்றாகப் புரிந்தது.

பெயர் வைப்பது ஒரு சடங்கு. நல்ல நாள் பார்த்து, முதல் பீஸை முதலாளி கண் முன்னால் மடிக்க வேண்டும். உள்ளே அட்டை, பட்டன் வரிசை நட்ட நடுவில், ஃபிரில் மேலே தெரிய, கை இரண்டும் முதுகுப்பக்கம். கவருக்குள் போட்டபின், பெயர் அச்சடித்த கார்டை முதலாளியே உள்ளே சொருகுவார். சூடம் காட்டுவோம். கார்டில் ஒரு வெள்ளைக்காரி போன்ற பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பெண்ணின் பெயரை வைத்தாலும் படத்தில் அவள்தான். பாவம், அத்தனை புகழையும் அவள் ஒருத்தியே சுமந்தாள்.

எந்தப் பெண்ணுக்கு எந்தத் துணி என்பதற்கும் கணக்கு உண்டு. நடிகை என்றால் ஃபிரில், லேசான துணி. அரசியல் தலைவி என்றால் ஏறின கழுத்து, முழு ஜிப், பெரிய சைஸ் மட்டும். சங்கீதம் பாடுகிறவர் என்றால் பட்டுப்புடவை மாதிரி பார்டர், காலர் கட்டாயம். விளையாட்டு வீராங்கனைக்கு அரைக்கை, பனியன் துணி. கலெக்டர் அம்மாவுக்குக் கட்டம் போட்டது. ஒரு தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒரு பெண் விஞ்ஞானியின் பெயரைச் சொன்னேன். முதலாளி துணியைத் தேய்த்தபடி, "அவங்க சோதனைச்சாலைக்கு என்னம்மா போட்டுட்டுப் போனாங்க? கோட்டா? அப்ப நமக்கு எதுக்கு?" என்றார்.

அதைவிட முக்கியமான விதி, பெயருக்குரிய பெண் நன்றாக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். நடிகைக்குப் படம் ஓடவில்லை என்றால் நைட்டியும் ஓடாது. தலைவி தேர்தலில் தோற்றால் அன்று மத்தியானமே கார்டை உருவிவிட்டு, ஜெயித்தவர் கார்டைச் சொருகுவோம். அதே நைட்டி, அதே ஜிப், வேறு தலைவி. விவாகரத்து என்று பேப்பரில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உடுத்துகிறவளுக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். கடைக்காரர்கள் எல்லாரும் ஆம்பளைகள். நைட்டியால் அவர்கள் வாழ்க்கைக்கு என்ன ஆபத்து என்று நான் கேட்டதில்லை.

இப்போது பேச்சியம்மாளுக்கு வருகிறேன். பேக்கிங்கில் என் பக்கத்து மேஜை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பக்கத்து வீடு. எங்கள் தெருவில் பாதிப்பேர் எங்கள் பேக்கிங் செக்ஷன்தான். வேன் தெருமுனைக்கு வந்தால் தெருவே காலியாகும். பேச்சியம்மாள் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரே மகள் கோமதி. நல்ல நிறம், நல்ல உயரம், கூச்சம் கிடையாது. காலேஜ் முடித்துவிட்டு சென்னைக்குப் போய், எப்படியோ டிவி சீரியலில் நுழைந்துவிட்டாள். அங்கே அவள் பெயரைச் சாருலயா என்று மாற்றினார்கள். பேச்சியம்மாளுக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. அது எம்மவதான், ஆனா பேரு அவியளோடது என்பாள்.

சீரியலில் அவள் மூத்த மருமகள். மாமியார் அறைவாள், புருஷன் அறைவான், நாத்தனார் சுடுகஞ்சியை ஊற்றுவாள். இவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாமி முன்னால் போய் நிற்பாள். எங்கள் தெருவே முந்தானையால் கண்ணைத் துடைத்தது. "எம்புட்டு பொறுமை! பொம்பளைன்னா இப்பிடில்லா இருக்கணும்" என்று மெச்சினார்கள். ஊர்த் திருவிழாவுக்கு அவள் வந்தபோது தேர் ஒரு பக்கம் நிற்க, கூட்டம் இவள் பக்கம் வந்தது. முதலாளி அன்றே முடிவு செய்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு சாருலயா நைட்டி. நீலத்தில் மயில், கழுத்தில் ஃபிரில். சாம்பிள் போட்டுப் பார்த்தவள் நான். முதல் கார்டைச் சொருக முதலாளி பேச்சியம்மாளைக் கூப்பிட்டார். அவள் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆர்டர் வந்து குவிந்தது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெயர் வைத்த எந்தப் பெண்ணிடமும் நாங்கள் கேட்டதில்லை.

தீபாவளி நெருங்கும் நேரத்தில் கோமதி ஒரு பையோடு ஊருக்கு வந்து இறங்கினாள். சென்னையில் சீரியல் கம்பெனியில் மேனேஜராக இருந்த ஒருவனை, அங்கேயே ஒரு கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்திருந்தாள். அவன் காதோடு சேர்த்து அறைந்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது. சீழ் வடிந்துகொண்டிருந்தது. இவள் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். செய்தி யூடியூபில் வந்தது. கீழே ஊர் முழுக்கக் கருத்துச் சொன்னது. ஒரு அறைக்கா போலீஸுக்குப் போவாள் என்றது ஊர். சீரியலில் தினம் வாங்குகிறாளே, பழக்கம் இருக்காதா என்றும் ஒருவர் எழுதியிருந்தார். டிவியில் அவள் அறை வாங்கும்போது அழுத அதே தெரு, அவள் நிஜத்தில் வாங்க மாட்டேன் என்றதும் முகத்தைச் சுளித்தது. சீரியலிலும் மூத்த மருமகளுக்கு விபத்து என்று காட்டி, முகத்தில் கட்டுப் போட்டு வேறு ஒருத்தியை நுழைத்துவிட்டார்கள்.

பெட்டிகள் திரும்ப ஆரம்பித்தன. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகள். சொந்த ஊர் அல்லவா, அவர்களுக்குத்தான் ரோஷம் அதிகம். அப்புறம் மதுரை, தேனி. குடோனில் இடமில்லாமல் மாடிப்படி வரை சாருலயா அடுக்கிக் கிடந்தாள். உடனே வேறு பெயர் வைக்க வேண்டும் என்று முதலாளி கூட்டம் போட்டார். "பழுதில்லாத பேரா ஒண்ணு சொல்லுங்க. என்னைக்கும் சறுக்காத பொம்பளையா இருக்கணும்" என்றார்.

கட்டிங் மாஸ்டர், வாளெடுத்துச் சண்டை போட்ட ஒரு ராணியின் பெயரைச் சொன்னார்.

"போர்ல செத்துட்டாங்கல்ல? செத்தவங்க பேரை உடுத்திக்கிட்டு எவ தூங்குவா?"

"அப்ப ஜெயிச்ச ராணி ஒருத்தவுக இருக்காவ மொதலாளி."

"அவங்க புருஷன் முந்திப் போனதாலதான் ஆட்சிக்கு வந்தாங்க. தீபாவளிக்கு விதவை பேரா?"

சேல்ஸ்மேன் ஒரு பாடகியைச் சொன்னார். ரெண்டாம் கல்யாணம். ஒரு நாட்டியக்காரரைச் சொன்னார். கல்யாணமே இல்லை, அது அதைவிடச் சிக்கல். ஒரு பெண் தலைவியைச் சொன்னார். பாதிக் கடை எதிர்க்கட்சிக்காரனுடையது. ஓட்டப்பந்தய வீராங்கனை போன தடவை நாலாவதாக வந்திருந்தாள். விண்வெளிக்குப் போன பெண்ணை நான் சொன்னேன். "போனாங்க சரிம்மா. அம்புட்டு நாள் புருஷனுக்குச் சோறு யார் போட்டா?" என்றார் முதலாளி, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு. சேல்ஸ்மேன் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் தாயார் பக்கம் மெல்ல வந்தார். கட்டிங் மாஸ்டர் எழுந்தே விட்டார். "ஏலே, அந்தப் பேரை நைட்டியில போட்டா தேரைக் கொண்டுவந்து நம்ம குடோன்மேல விடுவானுக." முதலாளி கடைசியில் தெலுங்குக்கு மாறினார். "ஒக்கதி கூட லேதா?" ஒருத்திகூடவா இல்லை என்று கேட்கிறார், பாவம்.

நான் பட்டென்று சொன்னேன். "நம்ம வீட்டு அம்மா பேரை வச்சிருவோமே மொதலாளி."

முதலாளி துணியைத் தேய்ப்பதை நிறுத்தினார். தன் சம்சாரத்தின் பெயர் ஊரார் கொடிக் கயிற்றில் தொங்குவதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "பாப்பம்மா" என்றார். அன்று மத்தியானம் சரித்திரத்திலும் சங்கீதத்திலும் அரசியலிலும் ஆகாயத்திலும் இருந்த பெண்கள் அத்தனை பேரையும் ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் வைத்துத் தள்ளுபடி செய்தோம். பெயரே வேண்டாம், கார்டை உருவிவிட்டு மொட்டையாக அனுப்புவோம் என்று முடிவானது.

கார்டை உருவுகிற நாளில் பேச்சியம்மாளுக்கு லீவு கொடுக்கச் சொன்னார் முதலாளி. அதை இரக்கம் என்று அவர் நினைத்தார். நான் போய்ச் சொன்னேன். அவள் மேஜையை விட்டு எழவில்லை.

"வச்சது நாந்தானக்கா. உருவ வேற ஆளா?"

கவர் கிழியாமல் கார்டை எடுப்பது சுலபமில்லை. இரண்டு விரலை நுழைத்து, அட்டையை லேசாக வளைத்து உருவ வேண்டும். அவள் ஒன்றொன்றாக உருவி, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினாள். உருவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"இதுல இருக்க மூஞ்சி எம்மவ மூஞ்சி இல்ல. பேரும் நான் வச்ச பேரு இல்ல. பொறவு எனக்கு எதுக்குக்கா நெஞ்சை அடைக்கு?"

எனக்கு ஆத்திரம் வந்தது. முதலாளி மேல், ஊர் மேல், காதில் அடி வாங்கிய ஒரு பெண்ணை விட்டுவிட்டு நைட்டியின் மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிற இந்தத் தொழில் மேல். ஆனால் தீபாவளி நேரத்து வேலையை விட்டுவிட்டு எங்கே போவது? நானும் உட்கார்ந்து உருவினேன்.

மொட்டையாகப் போன பெட்டிகளும் திரும்பி வந்தன. இந்த மயிலை எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்களாம். அப்போதுதான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. பெயரை மாற்ற முடியவில்லை, ஆளை மாற்றினால் என்ன? கோமதி புருஷனோடு போய்ச் சேர்ந்துவிட்டால், இருவரும் சிரித்தபடி ஒரு படம் எடுத்துப் போட்டால், பெட்டிகள் எல்லாம் கடைக்குப் போய்விடும். காரை எடுத்துக்கொண்டு பழத்தட்டோடு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். பேச்சியம்மாள் வீட்டில் கட்டில் போட்டதுபோக மிச்சமிருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

"தீபாவளி முடியுற வரைக்கும் சேர்ந்து இரும்மா. பொறவு உன் இஷ்டம்" என்று தொடங்கினார். ஒரு கல்யாணத்துக்கு இப்படி சீசன் வைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் பெரிய பெரிய பெண்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். அந்த ராணி எவ்வளவு தாங்கினார், இந்தப் பாடகி எவ்வளவு பொறுத்தார், அந்தத் தலைவி வீட்டில் எவ்வளவு கஷ்டப்பட்டார், பொறுத்ததால்தானே சரித்திரத்தில் நிற்கிறார்கள் என்றார். முந்தின வாரம் மாடியில் அவர் தள்ளுபடி செய்த அதே ஆட்கள். வார்த்தை கொட்டியது. கோமதி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது காதை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அந்தக் காதில்தான் கேட்காது.

அவர் முடித்ததும் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இவ்வளவு பெரியவங்க பேரை நீங்க ஒரு பீஸுக்காவது வச்சீங்களா மொதலாளி? மாட்டேன்னுட்டீங்களாமே?"

"அது வேறம்மா. அது வியாபாரம்."

பேச்சியம்மாள் மகளைத்தான் அதட்டினாள். "ஏட்டி, வாயை மூடு. பெரியவுக வந்து சொல்லுதாவ." எனக்கு ஆச்சரியமில்லை. சொந்தக்காரர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நீ இல்லாத காலத்தில் இவளுக்கு யார் என்று ஒவ்வொருவரும் வந்து கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். தெருவில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சியம்மாள் பயந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டாள். தீபாவளிக்கு முந்தின நாள் மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பாவும் காரில் வந்து கூட்டிப்போவதாக முடிவானது. அம்மாவை எதிர்த்துப் பேசக் கோமதிக்குத் தெம்பு மிச்சமில்லை என்று எனக்குத் தோன்றியது.

இதற்குள் மொத்த வியாபார சீசன் முடிந்துவிட்டது. இனி எந்தக் கடையும் பெட்டி எடுக்காது. முதலாளிக்கு அந்தச் சமாதானமே தேவையில்லாமல் போய்விட்டது. நிறுத்துங்கள் என்று ஒரு போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. அவர் மறந்தே போனார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வந்த நைட்டிகளை எல்லாம் பேக்கிங் செக்ஷனுக்கே தீபாவளிப் பரிசாகக் கொடுத்துவிடச் சொன்னார். ஆளுக்கு ரெண்டு மூணு என்று வாரிக்கொண்டு வந்து, தெருவில் மற்றவர்களுக்கும் கொடுத்தோம். இலவசமாக வந்த துணிக்கு யாரும் சகுனம் பார்ப்பதில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையிலிருந்து தூறல். ஐப்பசி மழையில் வீட்டுக்கு வீடு துவைத்த துணி காயாமல் நாறிக்கொண்டிருந்தது. அடுப்படி வேலைக்குப் புதுச்சேலையா கட்டுவார்கள்? தெருவில் அத்தனை பேரும் கவரைக் கிழித்து அந்த நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு முறுக்குச் சுட உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான். இதைப் பெரிய ஒற்றுமை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். உலர்ந்த துணி வேறு இல்லை, அவ்வளவே.

பேச்சியம்மாள் மட்டும் காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டுக்குப் போனில் வழி சொல்லியிருந்தாள். எங்கள் தெருவில் எல்லாம் ஒரே மாதிரி வீடு, நம்பரும் கிடையாது. "நீல நைட்டி போட்டு வாசல்ல நிப்பேன்யா, அதான் வீடு" என்று சொல்லியிருக்கிறாள். கோமதியின் பை கட்டி, கதவு ஓரத்தில் இருந்தது. நான் முறுக்குக்கு மாவு பிசைந்து கொடுக்கப் போய், அவள் வாசலில் அவளோடு நின்றிருந்தேன்.

கார் தெருவுக்குள் வராது. முனையில் நின்றது. மாப்பிள்ளை இறங்கவில்லை, கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. சித்தப்பா மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் வீட்டு வாசலில் நீல நைட்டி. சரியான வீடு என்று சிரித்துக்கொண்டே போனவர், எதிர் வாசலைப் பார்த்தார். அங்கேயும் நீல நைட்டி. பக்கத்தில், அதற்குப் பக்கத்தில், தெருக்கடைசி வரை மயில்.

"ஏம்மா, பேச்சியம்மா வீடு எது?"

முதல் வீட்டுக்காரி பட்டன் செக்ஷன். வம்பு என்றால் அவளுக்கு உயிர். "என்ன சேதி? எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிருதேன்."

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

"ஓ. அடிச்சது நீங்களா, கார்ல இருக்கவரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வாரம் வரை கோமதியைப் பற்றி அதிகம் பேசியவள் அவள்தான். ஆனால் தெருப்பிள்ளையைத் தான் பேசலாம், வெளியூர்க்காரன் வந்து அதிகாரமாகக் கூட்டிப்போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். சித்தப்பா அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

"காதுல சீழ் வடியுதே, ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறீய?" என்றாள் அடுத்தவள், கரண்டியும் கையுமாக.

அதற்கடுத்த வீட்டில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் அங்கே கேட்கவே இல்லை. மழையில் வேட்டி நனைந்து, முகம் சிவந்து, கடைசியில் எங்கள் முன்னால் வந்து நின்றார். பேச்சியம்மாளை அவர் பார்த்ததில்லை. கோயில் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

"ஏம்மா, நீங்களாவது சொல்லுங்க. பேச்சியம்மா வீடு எது?"

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். தெருவைப் பார்த்தாள். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் சலித்துப்போய்ப் போனை எடுத்து அழுத்தினார். வீட்டுக்குள் டிவி மேல் இருந்த பேச்சியம்மாள் போன் அடிக்க ஆரம்பித்தது. நல்ல சத்தமான போன். அது அடிக்க அடிக்க அவர் கதவைப் பார்த்தார், கட்டி வைத்த பையைப் பார்த்தார், பேச்சியம்மாளைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் துண்டை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்களே."

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காரைப் பார்க்க நடந்தார். கார் கிளம்பிப் போகும்வரை அவள் அசையவில்லை. அப்புறம்தான் உள்பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி கோமதி, அந்தப் பையைப் பிரி. முறுக்கு கருகுது பாரு, திருப்பிப் போடு."